வார நாட்களின் அப்பா

மலேசியாவின் பினாங்கில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு அப்பாக்கள் கூடிப் பேசும்போது, பிள்ளைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விடுப்புக் கணக்கில் போய் முடிகிறது. தீபாவளிக்கு ஒரு வாரம், முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் மே மாதத்தில் கொஞ்ச நாள், நடுவில் யாருக்காவது கல்யாணம் வந்தால் இன்னும் சில நாள் என்று கூட்டிப் பார்த்து ஆறுதல்பட்டுக்கொள்கிறோம். இந்தக் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. பண்டிகைக்கு வந்திறங்கும் அப்பா, பட்டாசும் புதுத்துணியும் அத்தை வீட்டுப் பிள்ளைகளுமாக நிறைந்திருக்கும் வீட்டில் இன்னொரு விசேஷமாகத்தான் இருக்கிறார். பிள்ளைகளின் வாழ்க்கையோ ஜூலை மாதத்தின் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையில், காணாமல்போன ஒற்றைக் காலுறையிலும், எழுதி முடிக்காத வீட்டுப்பாடத்திலும், நேற்றுவரை தோழியாக இருந்தவள் இன்று பேசாமல்போனதிலும் நடக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையில் அப்பாவுக்கென்று ஒரு வேலை இருக்கிறதா என்பதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பொறியாளர். 1972-இல் அங்கே சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்து, அதே ஆண்டில் இன்டெல் நிறுவனமும் வந்தது முதல், இந்தத் தீவு மின்னணுத் தொழிலை நம்பியே வளர்ந்திருக்கிறது. என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அந்தத் தொழில்தான். மனைவி திருச்சி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் நான்காம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. என்னுடைய எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி) குடும்பத்தை அழைத்துவர இடமுண்டு. ஆனால் மனைவியின் வேலை போட்டித் தேர்வு எழுதிப் பெற்றது. என் ஒப்பந்தமோ அவ்வப்போது புதுப்பிக்கப்பட வேண்டியது. நிலையான வேலையை விட்டுவிட்டு நிலையில்லாத வேலையின் பின்னால் எல்லோரும் கிளம்புவதில் நியாயமில்லை என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். இதைச் சொல்வதற்குக் காரணம், அழைத்துவர முடிந்தும் அழைத்துவராதவன் என்ற இடத்திலிருந்தே நான் எழுதுகிறேன் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தற்காலிக வேலை அனுமதியில் உணவகங்களிலும் கட்டுமானத்திலும் உழைப்பவர்களுக்கு மனைவி மக்களை அழைத்துவரச் சட்டத்திலேயே வழியில்லை.

தகப்பன் கடலுக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகள் அந்தப் பக்கமுமாக வாழ்வது பினாங்குக்குப் புதிதில்லை. ஜார்ஜ் டவுனில் பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கடைவீடுகளில், நகரத்தாரின் ஏஜெண்டுகளும் அவர்களுக்கு உதவிய அடுத்தாள்களும் எடுபிடி வேலை பார்த்த பெட்டியடிப் பையன்களும் மூன்றாண்டுத் தவணையில் வந்து தங்கிக் கணக்கு எழுதினார்கள். குடும்பங்கள் செட்டிநாட்டிலேயே இருந்தன. கடையநல்லூரிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த முஸ்லிம்களான சபுராளிகளின் கதையும் அதுவே. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர்வரை சென்ற ‘ரஜூலா’வும், அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் இப்படிப்பட்ட அப்பாக்களைப் பல பத்தாண்டுகள் சுமந்தன. 1985-இல் ‘சிதம்பரம்’ கப்பலில் நேர்ந்த தீவிபத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்து முடிந்துபோனது. எங்கள் ஊரில் ஒரு வீட்டைப் ‘பினாங்குக்காரர் வீடு’ என்றே சொல்வார்கள். அந்த வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த பழைய கடிதங்கள் சிலவற்றை நான் படித்திருக்கிறேன். எந்த வயலை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, யாரிடம் எவ்வளவு பாக்கி, கிழக்குச் சுவரை எப்போது பூசுவது என்று வரிக்கு வரி வீட்டை நடத்தியவர், கடைசியில் ‘பெரியவன் இப்போது எந்த வகுப்பு வாசிக்கிறான் என்று எழுதவும்’ என்று கேட்டிருந்தார். சொத்தை நடத்தக் கடிதம் போதுமானதாக இருந்திருக்கிறது. அந்தக் காலத்துத் தபாலுக்கு அதற்குமேல் சக்தியில்லை என்று அவருக்காகச் சமாதானம் சொல்லலாம். நம் கையில் காணொலி அழைப்பு இருக்கிறது. அந்தச் சமாதானம் நமக்குப் பொருந்தாது.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. (தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-ஆம் தேதி தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது, அதற்கு முன் வந்திருந்தால் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். மகள் தூங்கப் போகும் வேளைகளில் அந்த அரை மணியின்மீது எனக்குக் கோபம் வருவதுண்டு.) அவள் இரவு எட்டரைக்குப் படுக்கும்போது இங்கே பதினொன்று. காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பும் பரபரப்பு இங்கே அலுவலகத்தின் முதல் கூட்டம் நடக்கும் நேரம். ஆனால் மாலை நான்கரைக்கு அவள் வீட்டுக்கு வந்து பையை எறியும்போது இங்கே ஏழு மணி. தொழிற்சாலையிலிருந்து வந்து குளித்து முடித்திருப்பேன். இரண்டு ஊருக்கும் பொதுவாக அமைந்த நல்ல நேரம் இந்த ஒன்றுதான். அதை அலுவலகத்துக்குக் கொடுக்காமல் காப்பதற்கு நான் பட்ட பாடு, வேலையில் வேறெதற்கும் பட்டதில்லை. அமெரிக்கக் குழுவோடு பேசும் கூட்டங்களை இரவு ஒன்பதரைக்குத் தள்ளிவைக்கச் சம்மதம் வாங்கினேன். நாள்காட்டியில் அந்த ஒரு மணி நேரத்தை நிரந்தரமாக அடைத்துவைத்து, கேட்டவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் வேலைக்கு வரும் மலாய்ச் சகப் பணியாளர் ஒருவர், தன் பிள்ளைகளின் சமய வகுப்புக்காக அதேபோல் ஒரு நேரத்தை அடைத்துவைத்திருப்பதாகச் சொன்னார். கேட்டால் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நேரம் கிடைத்த பிறகு அதில் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். ‘சாப்பிட்டியா, படிச்சியா, அம்மா சொல்றதைக் கேட்கிறியா’ என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டால் பெரும்பாலான அப்பாக்களுக்குப் பேச ஒன்றுமிருக்காது. பிள்ளைக்கும் ‘ம்’ என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமிருக்காது. இது விசாரணை. ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவும் மகளும் நாள் முழுவதும் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? அவர் ஒரு பக்கம் வெங்காயம் உரிக்கிறார், அவள் ஒரு பக்கம் எழுதுகிறாள், நடுவில் எதையோ கேட்கிறாள். நாங்கள் அதைத்தான் செய்கிறோம். அவள் கைப்பேசியை அலமாரிமேல் சாய்த்துவைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் என் சமையலறையில் கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பேன். பத்து நிமிடம் ஒரு வார்த்தையும் இல்லாமல் போகும். அந்த மௌனத்துக்குப் பிறகுதான், யார் யாரோடு சண்டை, எந்த ஆசிரியை ஏன் திட்டினார் என்ற செய்திகள் தாமாக வெளியே வரும். கேட்டு வாங்கிய எந்தச் செய்தியும் அவ்வளவு முழுமையாக இருந்ததில்லை.

சிறியவனின் விஷயம் வேறு. நான் கிளம்பியபோது அவனுக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. 2016-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம், பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று பரிந்துரைத்தபோதும், காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. எதிரில் இருப்பவர் குழந்தையின் சிரிப்புக்கும் சத்தத்துக்கும் அந்தக் கணமே பதில் சொல்கிறார் என்பதுதான் அதற்கும் ஓடும் படத்துக்கும் உள்ள வேறுபாடு. அந்த வயதில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, ‘அப்பா பந்தைக் காட்டுறார் பார், நீ உன் பந்தைக் காட்டு’ என்று இணைத்துவைக்க வேண்டும். எங்களுக்கு அதைச் செய்தவர் மாமியார். இன்றும் அவனுடைய பொறுமை இரண்டு நிமிடம்தான், அதற்குமேல் நான் இழுத்துப் பிடிப்பதில்லை. அவனுக்குப் பிடித்தது படகுத்துறை. சனிக்கிழமைகளில் ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெர்ரியைக் கரையிலிருந்து காட்டுவேன். 1894 முதல் ஓடும் சேவை அது; 2023-இல் வந்த புதிய படகுகளில் மனிதர்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும் மட்டுமே ஏறலாம். பழைய ஃபெர்ரி ஒன்றின் படத்தில் கார்களைப் பார்த்துவிட்ட அவன், கார்கள் எல்லாம் எங்கே போயின என்று வாராவாரம் கேட்கிறான். பாலம் வழியாகப் போகின்றன என்ற பதிலில் அவனுக்குத் திருப்தியில்லை.

பேச்சு இத்துடன் போதும், வேலைக்கு வருகிறேன். தொலைவில் இருக்கும் அப்பாவால் துவைக்க முடியாது, தலைவார முடியாது, வேனில் ஏற்றிவிட முடியாது. ஆனால் ஒரு வீட்டில் கையால் செய்யும் வேலைக்கு நிகராக நினைவில் வைத்திருக்கும் வேலையும் இருக்கிறது: கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, தடுப்பூசி எப்போது, வேன் ஓட்டுநர் நாளை வரமாட்டார் என்றாரே யாரிடம் சொன்னார், வெள்ளிக்கிழமை மஞ்சள் சட்டை போட வேண்டுமா. இந்தச் சுமையை வழக்கமாகத் தாய்மார்களே தூக்குகிறார்கள், அதைச் சுமை என்று எவரும் எண்ணுவதுமில்லை. கையால் செய்யும் வேலையைப் பினாங்குக்கு அனுப்ப முடியாது, இதை அனுப்பலாம். மகளின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மனைவி இல்லை, நான்தான் இருக்கிறேன். அந்தக் குழுவில் அம்மாக்களே நிறைந்திருந்ததால் முதலில் என்னை யாரோ தவறாகச் சேர்ந்துவிட்டவர் என்று நினைத்தார்கள். வேன், பள்ளிக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம், எரிவாயு உருளை, தடுப்பூசி அட்டை ஆகியவை என் பொறுப்பு. இவற்றை ‘நினைவூட்டு, செய்கிறேன்’ என்று ஏற்றுக்கொள்வதில் பயனில்லை. நினைவூட்டும் வேலை அப்போதும் மனைவியிடமே இருக்கும்.

கணக்குப் பாடமும் என்னுடையது. தமிழ்நாட்டுப் பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. மகளின் கணக்குப் புத்தகத்தை இங்கே அச்செடுத்து வைத்திருக்கிறேன். அவள் ‘எழுபத்தாறாம் பக்கம், மூணாவது கணக்கு’ என்றால் எனக்கும் அதே பக்கம் திறக்கும். இதில் முக்கியமான விதி, நான் செய்யும் வேலையை அங்கே வேறு யாரும் செய்யக் கூடாது. நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட நாளில் மாமனார் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நான் தேவையற்றவனாகிவிடுவேன். அவள் காத்திருக்க வேண்டும், அல்லது முடிக்காமல் பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் ‘அப்பா வரவில்லை’ என்று சொல்ல வேண்டும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வராவிட்டால் ஒன்றும் குறையாத ஒருவரை எந்தக் குழந்தையும் எதிர்பார்த்திருக்காது.

எல்லோருக்கும் மாலை ஏழு மணி வாய்ப்பதில்லை. லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில், திருவாடானைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் வேலை பார்க்கிறார். மதியக் கூட்டம் ஓய்ந்து அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது மூன்று மணிக்கு. அப்போது ஊரில் பன்னிரண்டரை, பிள்ளை பள்ளியில். இரவு கடை சாத்தும்போது பிள்ளை தூங்கியிருக்கும். “தம்பி, அப்ப எப்பதான் பேசுவீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “பேசுறதில்லண்ணே, அனுப்புறதுதான்” என்றார். மூன்று மணிக்கு அவர் குரல்பதிவு அனுப்புகிறார். பள்ளிவிட்டு வந்த மகள் அதைக் கேட்டுவிட்டுத் தன் பதிவை அனுப்புகிறாள். கடை சாத்திய பிறகு அதை அவர் கேட்கிறார். அதில் ‘நல்லாப் படி’ என்ற பேச்சே கிடையாது. அன்றைக்குக் கடைக்கு வந்த ஆட்களைப் பற்றித் தொடர்கதைபோல ஒன்றைச் சொல்லிப் பாதியில் நிறுத்துகிறார், மகள் மறுநாள்வரை யூகிக்கிறாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் ஒருவர், நல்ல சம்பளமும் விடுப்பும் உள்ள பல பொறியாளர்களைவிட மகளின் அன்றாடத்தில் அதிகமாக இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

ஊருக்குப் போவதைப் பற்றி. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு, இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்காலத்துக்கு 8 நாள், ஐந்தாண்டுக்குள் 12 நாள், அதன்பின் 16 நாள். நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகத் தருவதுண்டு என்றாலும், கையில் இருப்பது சில நாட்கள்தாம். 2023 முதல் தந்தைக்கு 7 நாள் மகப்பேற்று விடுப்பும் உண்டு. அலுவலகத்து இளைஞர் ஒருவருக்கு அது மருத்துவமனையிலும் பெயர்சூட்டும் அலைச்சலிலுமே தீர்ந்துபோனது. இருக்கும் நாட்களைப் பண்டிகைக்கு என்று சேர்த்துவைக்காமல், பள்ளி நடக்கும் வாரங்களில் துண்டு துண்டாகச் செலவிடுவது என் வழக்கம். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இங்கே இரண்டிரண்டு நாள் பொது விடுமுறை. அதோடு வார இறுதியையும் ஓரிரு நாள் விடுப்பையும் சேர்த்தால் போய்வர முடிகிறது. 2024 டிசம்பர் முதல் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருப்பதால், கோலாலம்பூரில் மாறிப் போவதற்கு இன்னொரு வழியும் கிடைத்திருக்கிறது. வேலைநாளில் போய் நிற்கும்போது பார்ப்பவை வேறு. டிபன் பெட்டியில் எது திரும்பி வருகிறது, வேனில் அவள் எந்த இருக்கைக்குச் சண்டைபோடுகிறாள், மகன் எந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறான். திரும்பி வந்து பேசுவதற்கு அந்த வாரம் பல மாதங்களுக்குக் கைகொடுக்கும். தீபாவளிக்கு நான் போகாத ஆண்டு உறவினர்கள் முகம் சுளித்தார்கள். மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போய் இறங்கியவுடன் வீட்டுச் சட்டங்களில் கைவைக்கக் கூடாது. தொலைக்காட்சிக்கு எவ்வளவு நேரம், எத்தனை மணிக்குப் படுக்கை என்பதெல்லாம் அங்கே இருப்பவர் நாள்தோறும் போராடி நிலைநிறுத்தியவை. ஒரு வாரத்துக்கு வந்த நல்லவர் அவற்றைத் தளர்த்திவிட்டுப் போனால், அதை மறுபடி இறுக்கும் கெட்டபெயர் அம்மாவுக்குச் சேரும். அதேபோல், ‘அப்பாகிட்ட சொல்லிடுவேன்’ என்ற மிரட்டலுக்கு என்னைப் பயன்படுத்த வேண்டாம் என்று மனைவியிடமும் மாமியாரிடமும் கேட்டுக்கொண்டேன். மிரட்டலுக்கு மட்டும் நினைக்கப்படும் ஒருவர் திரையில் வந்தால் எந்தப் பிள்ளையும் ஓடித்தான் போகும். பெட்டி நிறையச் சாக்லேட்டும் மைலோவும் கோடாலித் தைலமும் கொண்டுபோவதை நான் எதிர்க்கவில்லை. பெரியவர்களுக்கு அந்தத் தைலம் இல்லாமல் வரவேற்பே இருக்காது. பிள்ளைகளுக்கானதை மட்டும் குறைத்துக்கொண்டேன், அவர்கள் என் முகத்தைப் பார்க்கும் முன் பெட்டியின் பூட்டைப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

இவ்வளவும் செய்தாலும் அடைபடாத இடங்கள் உண்டு. இரவில் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது எனக்குத் தெரியும். மகனின் எடையும், கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தார்கள் என்பதும் என் கைப்பேசிக் குறிப்பில் இருக்கும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பவர் என் மைத்துனர்தான். நெற்றியில் வைக்கும் கைக்கு எந்தச் செயலியும் மாற்றில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல், ‘தூரம் ஒரு பொருட்டே இல்லை’ என்று பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் வராததைப் பற்றி மகள் கோபப்பட்டபோது, ‘உனக்காகத்தானே இங்கே கிடந்து உழைக்கிறேன்’ என்ற வசனம் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை. அவள் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. கடனையும் வீட்டுக் கட்டுமானத்தையும் கணக்குப் பார்த்து நாங்கள் இருவரும் எடுத்த முடிவுக்கு அவளைக் கடன்காரியாக்குவது அநியாயம். ‘நான் வந்திருக்க வேண்டும், வர முடியவில்லை, நீ கோபப்படுவது சரிதான்’ என்று சொன்னேன். அன்றைக்குக் கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லை.

அதனால் முடிவுத் தேதி ஒன்று வேண்டும் என்பதில் மனைவி உறுதியாக இருக்கிறார். ‘கொஞ்ச காலம்’ என்று கிளம்பியவர்கள் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைவரை இங்கேயே இருப்பதை நானும் பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்புக்குப் பள்ளி மாறும் ஜூன் மாதத்துக்கு முன் ஊர் திரும்புவது என்று எழுதிவைத்திருக்கிறோம். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பை அந்தத் தேதிவரைக்கும் மட்டுமே கேட்டிருக்கிறேன். நிறுவனத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. திருச்சியிலும் சென்னையிலும் எனக்குக் கிடைக்கக்கூடிய சம்பளம் என்ன, வீட்டுக் கடனில் அப்போது எவ்வளவு மிச்சமிருக்கும் என்று ஒரு தாளில் இருவரும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். இடிக்கிறது, ஆனால் முடியும். மனைவியின் நிபந்தனை ஒன்றுதான்: நான் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் வேனும், மின்கட்டணமும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவும் என்னிடமே இருக்க வேண்டும்.